டார்சி வொரெலின் வெட்டுப்படாத சட்டை

டார்சி வொரெல் என் தங்கை லொரீனைக் கட்டியவன். அதனால் அவனைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று ஊரில் எதிர்பார்க்கிறார்கள். சொல்கிறேன். குடிக்க மாட்டான். பெண்டாட்டி மேல் கை நீட்ட மாட்டான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான். டிராக்டர் கடையில் உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் வாலிபத்திலிருந்தே நிற்கிறான், எந்த போல்ட் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நாலு ஆயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் நெட்டில் கிரீக் வேட்டை கிளப்பில் நாய் விட்டுத்தான் மான் வேட்டை. சதுப்புக்காட்டுக்குள் நாய்களை இறக்கி மானைக் கிளப்பி ஓட்டுவது என் போன்ற இரண்டு மூன்று பேர் வேலை. மற்றவர்கள் காட்டைச் சுற்றிப் போகும் மண்பாதையில் ஆளுக்கொரு இடத்தில் துப்பாக்கியோடு நிற்பார்கள். யார் எங்கே நிற்பது என்று ஓடிஸ் விக் சொல்வார். அவர்தான் வேட்டைத் தலைவர், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நாய் குரைத்துக்கொண்டு வரும், அதற்கு முன்னால் மான் வரும், நிற்பவன் சுட வேண்டும். இதில் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது.

சுட்டு மான் தப்பிவிட்டால் சட்டை போகும். முழுச் சட்டை இல்லை, பின்பக்கத் தொங்கல் மட்டும். அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் அதைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி, கிளப் சுவரில் ஆணியடித்து மாட்டுவோம். கட்டம் போட்டது, கோடு போட்டது, நூல் நூலாகப் பிரிந்து தொங்குவது என்று சுவரே தெரியாத அளவுக்குத் துணி. செத்துப்போனவர்களின் தொங்கல்களும் அங்கே இருக்கின்றன, அவர்கள் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நாய்களோடு போகும்போது நானும் சுடுவதுண்டு, என்னுடையது நாலு இருக்கிறது. ஓடிஸுடையது அதைவிட அதிகம். இதில் யாருக்கும் வெட்கமில்லை. வெட்டுப்பட்டவன் முதுகில் குளிர்காற்று ஏறும், நாங்கள் சிரிப்போம், பிறகு எல்லோரும் உட்கார்ந்து ஸ்டூ குடிப்போம். அத்தோடு சரி.

கத்தரிக்கோல் யாரிடம் இருக்கும் என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுப்படாத சட்டைக்காரனிடம்தான் இருக்கும். டார்சி கிளப்பில் சேர்ந்த இரண்டாம் வருஷம் அது அவன் கைக்குப் போனது. அதன்பின் பத்தொன்பது வருஷம் அது அவன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. தோலில் ஓர் உறை தைத்து அதில் செருகிக்கொண்டுதான் வருவான், ஷெரிஃப் தன் நட்சத்திர வில்லையை மாட்டிக்கொள்வது போல.

சும்மா வெட்டிவிட்டுப் போனால் பொறுத்துக்கொள்ளலாம். முதலில் பாடம் நடத்துவான். வெட்டுப்படுகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இவன் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிப் பேசுவான். துப்பாக்கிக் குழலின் வாயில் திருகி மாட்டுகிற சின்ன உருளைக்கு சோக் என்று பெயர். அது குழலின் வாயைக் கொஞ்சம் இறுக்கும், ஒரே தோட்டாவிலிருந்து கிளம்பும் ஒன்பது ரவைகளும் சிதறாமல் கூட்டமாகப் போவதற்காக. இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் டார்சி பேசும்போது கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுக்காமல் சோக் கடைந்துகொண்டிருந்தார் என்று நினைக்கத் தோன்றும். எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்பான். மீன்பிடிச் சாமான் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து பன்னிரண்டு சோக் அடுக்கி வைத்திருந்தான். அவன் பேச்சைக் கேட்டு கிளப்பில் பாதிப் பேர் ஆக இறுக்கமான உருளையாகப் பார்த்து வாங்கினார்கள்.

பாடத்தின் முடிவில் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுப்பான். மான்களின் உடம்பிலிருந்து தோண்டி எடுத்த ரவைகள் அதில் கிடக்கும். ஒன்றைக் கையில் போட்டுக் காட்டுவான்.

“பாத்தியா, எப்படித் தட்டையாக் கிடக்கு. குழலுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு நெரிஞ்சி, வாயில பிதுங்கி, எலும்புல போயி மோதுது. உருண்டையாப் போன ரவை ஒண்ணுகூட உருண்டையா வெளிய வராது. இதக்கூடத் தெரிஞ்சிக்காம துப்பாக்கியத் தூக்கிட்டு வந்துர்றீங்க.”

பிறகுதான் கத்தரிப்பான். என் நாலு தொங்கலையும் இந்தப் பாடத்தோடு சேர்த்துத்தான் வாங்கினேன். காது புளித்துவிட்டது.

அவன் ஏன் தப்பவிட்டதே இல்லை என்று கேட்கிறீர்களா? சுட்டால்தானே தப்பவிடுவதற்கு. சீசன் முழுக்க நிற்பான், துப்பாக்கி வெடிக்காது. நாற்பது எட்டு வைத்து நடக்கும் தூரத்தில், பக்கவாட்டில், தலையைக் குனிந்து நிற்கிற மான் வந்தால் சுடுவான். நாய் துரத்திக்கொண்டு வரும் மான் எதற்காக நின்று தலையைக் குனியப்போகிறது? இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு அசட்டுப் பெட்டை மான் அவன் முன்னால் வந்து நின்று யோசிக்கும். அதைச் சுட்டுவிட்டு அடுத்த இரண்டு வருஷம் அதைப் பற்றியே பேசுவான். மற்றபடி எது போனாலும் ஒரே பதில்தான், தன் ரவை விழும் வட்டத்துக்குள் வரவில்லை என்பான்.

எனக்கு வயிறு எரிந்தது. நிற்கிறவனுக்கு என்ன, பிக்கப் வண்டியில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு நாய்க் குரல் கேட்டதும் இறங்கினால் போதும். இடுப்பளவு தண்ணீரில் முள்ளுக்குள் நாய்களுக்குப் பின்னால் போகிறவள் நான். போன வருஷம் ஜனவரியில் தண்ணீர் ஓரமெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது. என் நாய் பெல் ஒரு கிழட்டுக் கொம்பு மானைக் கிளப்பி காலையெல்லாம் ஓட்டியது. பழைய வேலிக் கம்பியில் தோள் கிழிந்தும் விடவில்லை. மான் நேராக டார்சி நின்ற இடத்துக்குப் போனது. வெடிச்சத்தம் கேட்கும் கேட்கும் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் நாயைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு வந்தபோது அவன் பூட்ஸுக்கு முன்னால் ஈர மண்ணில் குளம்புத் தடம் புதிதாக இருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை, உமிழ்ந்தால் படும் தூரம்.

“கொஞ்சம் குறுக்க ஓடுச்சி மதினி. ஒம்பது ரவையும் நெஞ்சுல ஏறாது. எட்டு ஏறும், ஒண்ணு வயித்துல போகும்” என்றான்.

நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டே அன்று தீர்மானித்தேன். செப்டம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: சுடுகிற தூரத்தில் மான் போய், அதைச் சுடாமல் விட்டால், அதுவும் தப்பவிட்டதுதான். அதற்கும் சட்டை வெட்ட வேண்டும். நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லோரும் திரும்பி டார்சியின் இடுப்பைத்தான் பார்த்தார்கள். ஓடிஸ் கை தூக்கச் சொன்னார். டார்சியைத் தவிர எல்லோருடைய கையும் மேலே போனது. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பர்விஸ் ட்ரூரி கூடக் கையைத் தூக்கினான்.

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்று லொரீன் போன் செய்தாள். எனக்கென்ன என்றேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பெருமை அந்த வெட்டுப்படாத சட்டை. கடையில் அவனை முதலாளியும் வாடிக்கைக்காரனும் ஒருசேர விரட்டுவார்கள். அவன் அண்ணன்கள் நிலக்கடலையும் பருத்தியும் போட்டு வீடு கட்டிவிட்டார்கள், இவன் மாமனார் கொடுத்த வீட்டில் இருக்கிறான். கிளப்பில்தான், கத்தரிக்கோல் இடுப்பில் இருக்கும்வரைதான், அவன் வாயைத் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள். அதுவும் போய்விடும் என்ற பயம் அவனைப் பிடித்து ஆட்டியது.

இப்படிப் பயம் வந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? ஓடுகிறதைச் சுடப் பழகுவான். களிமண் தட்டை எறிய ஆள் வைத்து, பறக்கும்போது சுட்டுப் பார்ப்பான். டார்சி அட்டைப்பெட்டி வாங்கப் போனான். ஃபிரிட்ஜ் கடைக்குப் பின்னால் கிடக்கும் பெரிய அட்டைகளையெல்லாம் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, அதில் மான் படம் வரைந்து, கொல்லையில் நாற்பது எட்டு தள்ளி நிறுத்திவைத்தான். மான் என்று அவன் சொன்னதால்தான் மான். கண்ணுக்கு மை தீட்டிய கழுதை மாதிரி இருந்தது என்றாள் லொரீன். மேசை போட்டு, மணல் மூட்டை மேல் குழலைச் சாய்த்து, மூச்சை அடக்கி, அட்டைக் கழுதையைச் சுட்டான். போய் எண்ணினான். சோக்கை மாற்றினான். மறுபடி சுட்டான். தோட்டாவை மாற்றினான். மறுபடி எண்ணினான். அவன் தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. லொரீன் துணி காயப்போடும் கம்பம் ஒன்று சாய்ந்தது. அவள் கோழிகள் அந்த மாதம் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன.

அக்டோபர் கடைசியில் அவனுக்கு ஞானம் பிறந்தது. ஆக இறுக்கமான சோக்கைப் போட்டால் இந்தப் பெரிய ரவைகள் வாயில் நசுங்கி, கோணலாகி, கண்டபடி சிதறுகின்றன. நடுத்தரமாக ஒன்றைப் போட்டு, செம்பு பூசிய ரவைத் தோட்டாவை வைத்தால் அத்தனையும் ஒரு கைக்குள் அடங்குகின்றன. தோட்டா டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அச்சடித்திருக்கிற விஷயம். பத்தொன்பது வருஷமாக எல்லோருக்கும் தலைகீழாகப் பாடம் நடத்தியவன் இப்போது என்ன சொல்ல வேண்டும்? கிளப்புக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் கால் அகட்டி நின்று, இறுக்கிப் பிடித்தால் சிதறும் என்று தான் எப்போதும் சொல்லி வந்ததுதானே என்றான். அவன் சொல்லைக் கேட்டு இறுக்கமான உருளை வாங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே கொடுத்தனுப்பப்படுவதில்லை.

செம்பு ரவை கிளப்பில் வேறு யாரிடமும் இல்லை. அதை எல்லோருக்கும் காட்டினான். தோட்டா ஒன்றை அறுத்து, பளபளவென்று உள்ளங்கையில் கொட்டி, இனி மான் உடம்பில் இதைப் பார்த்தால் யார் சுட்டது என்று கேட்கவே வேண்டாம் என்றான்.

நவம்பரில் சீசன் தொடங்கிய முதல் சனிக்கிழமை ஓடிஸ் அவனை ஓடைத்துறைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அடுத்த இடத்தில், பாதை வளைவுக்கு அந்தப் பக்கம், பர்விஸ் ட்ரூரி. பர்விஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவனை ஏதோ மகான் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவன் ஒரு சோம்பேறி. வேட்டைக்கு வருவதே தின்பதற்குத்தான். அவன் துப்பாக்கிக்குள் என்ன சோக் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஒருமுறை நான் குழலுக்குள் எட்டிப் பார்த்தேன், சிலந்திக்கூடு இருந்தது. தோட்டா எந்தக் கடையில் கண்ணில் பட்டதோ அதை வாங்குவான். சுவரில் அவன் தொங்கல்கள் மட்டும் ஒரு மூலையையே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

நாய்களை இறக்கிக் கொஞ்ச நேரத்திலேயே பெல் குரல் கொடுத்தது. நல்ல கொம்பு மான். ஓடையோரமாகவே ஓடி, புதர்க்கூட்டத்தைத் தாண்டி, டார்சிக்கு முன்னால் பாதையில் பாய்ந்தது. நாற்பது எட்டில் இல்லை, பத்து பன்னிரண்டு எட்டில். நிற்கவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. சுடாமல் விட்டாலும் சட்டை போகும் என்பதால் இந்த முறை சுட்டான். அடுத்தடுத்து இரண்டு வெடி கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் அவனுடைய அருமையான தோட்டாவின் ரவைகள் சாப்பாட்டுத் தட்டளவுகூட விரியாது, குறி கொஞ்சம் பிசகினால் அத்தனையும் தப்பும். அப்படித்தானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். மான் நிற்காமல் வளைவைத் திரும்பி ஓடியது. அங்கே பர்விஸ் பன்றிக்கறி வைத்த ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கி ஒரு வெடி போட்டான். மான் பள்ளத்தில் சாய்ந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது டார்சி மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பர்விஸ் மென்றுகொண்டு நின்றான்.

“என் மான்தான் மதினி. ரெண்டு வெடியும் ஏறிடுச்சி. செத்த மான்தான் ஓடிட்டிருந்துச்சி, அவ்வளவுதான். பர்விஸ் சுட்டது செத்த மான” என்றான் டார்சி.

பர்விஸ் விழுங்கிவிட்டு, “இருக்கலாம்” என்றான்.

இரண்டு பேர் ஒரே மானைச் சுட்டால் எங்களிடம் அதற்கும் வழி உண்டு. தோலை உரித்து, உள்ளே இருக்கும் ரவையைப் பார்ப்போம். சாகும்படி முதலில் யாருடையது ஏறியதோ அவனுடையது மான். மானின் உடம்பில் யாருடைய ரவை இல்லையோ அவன் தப்பவிட்டவன், அவன் சட்டை போகும். இந்தத் தடவை சண்டைக்கே இடமில்லை. பர்விஸின் ரவை சாம்பல் நிற ஈயம், டார்சியுடையது செம்பு.

கிளப் கொட்டகையில் மானைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நான்தான் உரித்தேன், என் கத்திதான் எப்போதும் கூராக இருக்கும். எல்லோரும் சுற்றி நின்றார்கள். விலாவில் ஐந்து ஓட்டைகள், ஒன்றுக்கொன்று கையகல தூரத்தில். ஒவ்வொன்றாகத் தோண்டி ஒரு பலகையில் வைத்தேன். ஈயம், ஈயம், ஈயம். ஐந்தும் ஈயம். கல்லில் தட்டிய மொச்சைக்கொட்டை போலத் தட்டையாகியிருந்தன. செம்பின் சாயல்கூட இல்லை. நான் டார்சியைப் பார்க்கவில்லை, ஆனால் அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கையுறை எடுத்து வருகிறேன் என்று தன் பிக்கப்புக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு நேரம் ஆகுமா ஒரு கையுறை எடுக்க என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

திரும்பி வந்தவன், முன்தொடைப் பக்கம் நான் சரியாகப் பார்க்கவில்லை என்றும் தானே பார்ப்பதாகவும் சொன்னான். சரி என்று விலகினேன். தோள் சதைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினான். ரத்தத்தோடு எதையோ வெளியே எடுத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். பளிச்சென்று செம்பு.

“இதோ. நான் சொன்னேன்ல” என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

ஓடிஸ் கையை நீட்டி வாங்கினார். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் அலசினார். சட்டையில் துடைத்தார். நான் எடுத்து வைத்த ஐந்து ஈய ரவைகளுக்குப் பக்கத்தில் பலகை மேல் வைத்தார். அவை ஐந்தும் வைத்த இடத்தில் கிடந்தன. செம்பு ரவை உருண்டது. நிற்காமல் பலகை நெடுக உருண்டு, விளிம்பைத் தாண்டி, சிமெண்ட் தரையில் விழுந்து, துள்ளி, என் பூட்ஸில் வந்து முட்டியது. ஒரு கீறல் இல்லை அதில். டப்பாவிலிருந்து எடுத்தது போலவே இருந்தது, டப்பாவிலிருந்து எடுத்ததுதானே.

உருண்டையாகப் போன ரவை உருண்டையாக வெளியே வராது என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நின்று கற்ற பாடம். டார்சிக்கும் அப்போதுதான் உறைத்தது. முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. ஒரு மானுக்காக, இல்லை, ஒரு முழத் துணிக்காக, பிக்கப்பில் ஒளிந்து உட்கார்ந்து தோட்டாவை அறுத்திருக்கிறான். எனக்கு அருவருப்பாக இருந்தது. பாவமாக இருந்தது என்று சொன்னால் நான் நல்லவளாகத் தெரிவேன், ஆனால் அப்படி இல்லை.

பர்விஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். “யாரு மானுன்னு வேணும்னாலும் வச்சிக்கங்க. எனக்குப் பின்தொடை ஒண்ணு குடுத்தா போதும்.”

அவனைப் போன்ற ஆளிடமிருந்துகூட ஒருவனுக்குப் பெருந்தன்மை கிடைக்கிறது என்றால் அவன் எவ்வளவு கீழே போயிருக்க வேண்டும். டார்சி அதைத் தாங்க மாட்டாமல் இடுப்பு உறையிலிருந்து கத்தரிக்கோலை உருவினான். கைப்பிடியை முன்னால் வைத்து ஓடிஸிடம் நீட்டினான்.

“சரி. விட்டுட்டேன். ரெண்டு வெடியும் படல. வெட்டிருங்க” என்றான். திரும்பி நின்று, பேண்டுக்குள்ளிருந்து சட்டையை உருவிவிட்டான். நல்ல சட்டை. லொரீன் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்தது.

ஓடிஸ் கத்தரிக்கோலை வாங்கவில்லை.

“தப்பவிட்டவன் சட்டையத்தான் நாங்க வெட்றது, டார்சி. நீ பண்ணதுக்கு நம்ம கிளப்புல ஒரு வழக்கமும் கிடையாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடை மூடிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

டார்சி அடுத்தவனிடம் நீட்டினான். அவன் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். அதற்கடுத்தவன் நாய்களைப் பார்க்கப் போனான். பர்விஸ் ஸ்டூ கொதித்துவிட்டதா பார்க்கிறேன் என்று உள்ளே நழுவினான். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன், கத்தியோடும் ரத்தக்கையோடும்.

“மதினி, நீயாச்சும் வெட்டிரு. இத்தன வருஷமா உனக்குத்தானே ஆசை” என்றான்.

ஆசை இருந்தது என்பது நிஜம். எத்தனை சீசன் அந்தத் தண்ணீரில் நடக்கும்போது அந்தக் கத்தரிக்கோலைக் கையில் வாங்கி, அவனுக்கே ஒரு பாடம் நடத்தி, சரக்கென்று வெட்டுவதாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறான், எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. மானின் பக்கம் திரும்பி மிச்சத் தோலை உரித்தேன். அவன் எப்போது போனான் என்று தெரியாது. கத்தரிக்கோல் பலகை மேல் கிடந்தது.

இதெல்லாம் போன வருஷம் நடந்தது. அவன் வராமல் நின்றுவிடுவான் என்று நினைத்தோம். நிற்கவில்லை. இந்த சீசனும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறான், ஓடிஸ் காட்டிய இடத்தில் நிற்கிறான். சோக் பெட்டியைக் கொண்டுவருவதில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை. அவன் நிற்கும் பக்கமிருந்து இப்போதெல்லாம் ஓயாமல் வெடிச்சத்தம் கேட்கிறது. எது ஓடினாலும் சுடுகிறான். ஒரு ரவைகூட எதிலும் படுவதில்லை. வேட்டை முடிந்ததும் சட்டையை வெளியே உருவிவிட்டுக் கொட்டகைக்கு வந்து வரிசையில் நிற்பான். ஓடிஸ் அவனைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

போன சனிக்கிழமை உள்ளே பர்விஸின் தொங்கலை வெட்டிக்கொண்டிருந்தார்கள், சிரிப்பு வெளியே கேட்டது. நான் நாய்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். டார்சி வந்து பக்கத்தில் நின்றான். சட்டை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு நெசமாவே விட்டுட்டேன் மதினி. பெரிய கொம்பு மான். பட்டப்பகல்ல, கண்ணுக்கு முன்னால. பர்விஸ் பாத்தான், வேணா கேட்டுப் பாரு.”

“கேக்க வேண்டியதில்ல. நம்புறேன்” என்றேன்.

“அப்ப வெட்டச் சொல்லேன். நீ சொன்னா ஓடிஸ் கேப்பாரு.”

நான் பெல்லைத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டு, கதவைக் கொக்கி போட்டேன். அவன் இன்னும் அங்கேயே நின்றான்.

“சட்டைய உள்ள விட்டுக்கோ டார்சி, குளிருது” என்றேன்.